அரிசி மதுவைக் காத்தலும் அதன் கேட்டினை அறிதலும்

நெல் காப்பதற்கு எளிய பொருள். நன்றாக உலர்த்தி, ஈரமும் எலியும் அணுகாத இடத்திலே சேர்த்து வைத்தால், அடுத்த விளைவு வரும் வரையில் அது கெடாதிருக்கும். அந்நெல்லைக் குற்றிச் சோறாக்கினாலோ அதன் ஆயுள் ஒரு நாளாகச் சுருங்கிவிடுகின்றது. அந்தச் சோற்றையே புளிக்க வைத்து மதுவாக்கினால் ஆயுள் மீண்டும் நீள்கின்றது. ஆயின், எத்துணைக் காலம் நீளும் என்பது மதுவை ஆக்கியவன் கைத்திறனில் மாத்திரம் தங்கியிருப்பதன்று; அதனைக் காப்பவன் விழிப்பிலும் தங்கியிருக்கின்றது. ஆக்கும் தொழில் சில வாரங்களில் முடிந்துவிடும். காக்கும் தொழில் அதன் பின்னரே தொடங்கும்.

அரிசியிலிருந்து மது வடிக்கும் வழக்கம் நெல் விளையும் நாடுகள் பலவற்றிலே தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. சங்க நூல்கள் கூறும் தோப்பி என்பது அரிசியாலாகிய கள்ளேயாகும். மூங்கிற் குழாயிலே பெய்தும், நிலத்திலே புதைத்தும் முதிர வைத்த தேறலையும் அந்நூல்கள் பேசுகின்றன. சீனத்திலே சாவோசிங் என்னும் நகரின் மஞ்சள் மதுவும், கொரியாவிலே மக்கொல்லி என்னும் வெண்மதுவும் புகழ் பெற்றவை. எனினும், அரிசி மது எவ்வாறு கெடுகின்றது, கெட்டதை எவ்வாறு அறிவது, கெடாமல் எவ்வாறு காப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதிலே நெடுங்காலம் பாடுபட்டவர்கள் யப்பானியர். அவர்கள் சாக்கே என வழங்கும் மதுவின் வரலாறு, கேட்டோடு மனிதன் நடத்திய ஒரு நீண்ட போரின் வரலாறு என்றே கூறலாம். அப்போரின் முடிவிலே எவரும் எதிர்பாராத ஒரு பயன், மருத்துவ உலகிற்குக் கிடைத்தது.

கேட்டினை விளங்கிக்கொள்ள வேண்டின் ஆக்கத்தினை முதலில் அறிதல் வேண்டும். திராட்சைச் சாற்றிலே வெல்லம் இயல்பாகவே இருக்கின்றது. ஆதலின் மதுவம் அதனை நேரே அற்ககோலாக மாற்றிவிடும். அரிசியிலே இருப்பதோ மாப்பொருள். அதனை முதலில் வெல்லமாக மாற்றியாக வேண்டும். இந்தப் பணியை யப்பானியர் கோஜி என்னும் ஒரு பூஞ்சணத்தைக் கொண்டு செய்விக்கின்றனர். அவித்த அரிசியின் மேல் இப்பூஞ்சணத்தின் வித்துகளைத் தூவி, வெம்மையான அறையிலே இரண்டு நாள் வரையில் வைத்தால், ஒவ்வொரு மணியிலும் அது வெண்மையாகப் படர்ந்துவிடும். பின்னர் அவ்வரிசியையும், வேறு அவித்த அரிசியையும், நீரையும், மதுவத்தையும் தொட்டியிலே சேர்க்கின்றனர். ஒருபுறம் பூஞ்சணத்தின் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்க, மறுபுறம் மதுவம் அவ்வெல்லத்தை அற்ககோலாக்குகின்றது. இரு செயல்களும் ஒரே தொட்டியில் ஒரே வேளையில் நிகழ்வதால், மதுவம் ஒருபோதும் வெல்ல மிகுதியால் திணறுவதில்லை. ஆகவே, காய்ச்சி வடிக்காமலே நூற்றுக்கு இருபது வீதம் வரையில் அற்ககோல் உண்டாகின்றது. உலகிலே காய்ச்சி வடிக்கப்படாத மதுவகைகளுள் இத்துணை வலிமை உடையவை மிகச் சிலவே.

இவ்வளவு அற்ககோல் உள்ள நீரிலே நுண்ணங்கிகள் வாழமாட்டா என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரையில் அது மெய்யுமாகும். கள்ளையும் திராட்சை மதுவையும் புளிக்கச் செய்து காடியாக்கும் பற்றீரியாக்கள், சாக்கேயின் வலிமைக்கு முன் பெரிதும் தளர்ந்து போகின்றன. அப்படியிருந்தும் குளிர்காலத்திலே தெளிவாக வடிக்கப்பட்ட மது, கோடை வந்ததும் தொட்டியோடு கலங்கிப் புளித்துப் போவது யப்பானியருக்குப் பழகிப்போன துயரமாக இருந்தது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் ஹியோச்சி. நெருப்பு, வீழ்தல் என்னும் பொருளுடைய இரு சொற்கள் சேர்ந்து ஆகிய பெயர் அது. நெருப்பு என்னும் சொல் அங்கே ஏன் வந்தது என்பதற்கு அவர்களின் பழைய காப்பு முறையே விடை தருகின்றது.

நாரா நகரத்திலே கோபுக்குஜி என்னும் பெரிய பௌத்த கோயில் உண்டு. அதனைச் சேர்ந்த தாமோன்-இன் என்னும் துறவியர் இல்லத்திலே, 1478ஆம் ஆண்டு தொடங்கி 1618ஆம் ஆண்டு வரையில், துறவிகள் வழிவழியாக ஒரு நாட்குறிப்பினை எழுதி வந்தனர். அக்காலத்திலே கோயில்களே சிறந்த மது வடிக்கும் இடங்களாகவும் இருந்தன. ஆதலின் மது வடித்தல் பற்றிய செய்திகளும் அந்நாட்குறிப்பிலே இடம்பெற்றன. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த குறிப்புகளிலே, வடித்த மதுவைக் கொதிக்க விடாமல் மென்சூட்டிலே சூடாக்கிய செய்தி காணப்படுகின்றது. இம்முறைக்கு ஹி-இரே என்று பெயர். நெருப்பூட்டல் என்பது அதன் பொருள். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ச்சர், திராட்சை மதுவைச் சூடாக்கினால் அது கெடாது என்று உலகிற்குக் காட்டியது 1860ஆம் ஆண்டுகளிலேதான். அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்னரே யப்பானியத் துறவிகள் அதனைச் செய்து வந்தனர். சீனரோ அவர்களுக்கும் மூத்தவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜூ கோங் என்பவர் எழுதிய மதுநூலிலே, மதுவைச் சூடாக்கிக் காக்கும் முறை விரித்துரைக்கப்பட்டிருக்கின்றது.

இம்மக்களுக்கு நுண்ணங்கி என்றொன்று உண்டு என்பதே தெரியாது. வெப்பமானியும் அவர்களிடம் இல்லை. பின் எவ்வாறு சரியான சூட்டினை அறிந்தனர்? யப்பானிய மதுத்தொழிலாளரிடையே ஒரு மரபு வழங்கி வந்தது. சூடேறும் மதுவின் மேற்பரப்பிலே, வளைந்த ஒரே கோடாக எழுதப்படும் ‘நோ’ என்னும் எழுத்தினை விரலால் எழுதிப் பார்ப்பர். எழுதி முடிக்கும் வரையில் விரல் அரிதில் தாங்குமாயின், அதுவே வேண்டிய சூடு. அதற்கு மேற்பட்டால் மணம் போய்விடும். அதற்குக் குறைந்தால் காப்பு நிறையாது. இக்கால ஆலைகள் மதுவை 60 பாகை முதல் 65 பாகை செல்சியசு வரையில் சூடாக்குகின்றன.

1881ஆம் ஆண்டிலே, டோக்கியோப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த ஆங்கில இரசாயன அறிஞர் ரொபேட் வில்லியம் அற்கின்சன் என்பவர் சாக்கே வடித்தலைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். பாஸ்ச்சரின் முறையை நூற்றாண்டுகளாகக் கையாண்டு வரும் ஒரு மக்களைக் கண்டு அவர் வியந்தார். அப்படியாயின் மது ஏன் கெட்டது என்னும் வினா எழுகின்றதன்றோ? சூடாக்குவதால் மதுவிலுள்ள நுண்ணங்கிகள் இறக்கும் என்பது மெய். ஆனால், அம்மதுவை மீண்டும் ஊற்றி வைக்கும் தொட்டி மரத்தாலாகியது. மரத்தின் இழைகளுக்குள்ளும் பொருத்துகளுக்குள்ளும் சென்ற ஆண்டின் கேடு ஒளிந்திருக்கும். தூய்மையான மது தூய்மையற்ற வீட்டிலே குடியேறினால் அதன் கதி என்ன? பழைய முறையின் பலவீனம் நெருப்பிலே இல்லை. நெருப்புக்குப் பின்னர் வந்த கலத்திலேயே இருந்தது. எந்தப் பொருளைக் காப்பவரும் மறக்கலாகாத உண்மை இது.

ஒரு தொட்டி மது கெட்டது என்றால் அஃது ஒரு பானை சோறு புளித்தது போன்றதன்று. ஒரு குளிர்காலத்து உழைப்பும், கடன்பட்டு வாங்கிய அரிசியும் அதனுள் அடங்கியிருக்கும். அன்றியும், யப்பானிய அரசு அக்காலத்திலே வரி விதித்தது விற்ற மதுவுக்கன்று. வடித்த மதுவின் அளவுக்கே. விற்பதற்கு முன்னர் தொட்டி கெட்டுப்போனாலும் வரிச்சுமை வடித்தவன் தலைமேலேதான். ஆதலின் பல தலைமுறையாக நடந்து வந்த மதுவில்லம் ஒரே கோடையில் அழிந்துபோதலும் கூடும். அரசுக்கும் இதில் அக்கறை இருந்தது. 1899ஆம் ஆண்டிலே மதுவரி நிலவரியையும் விஞ்சி, யப்பானிய அரசின் வரிவருமானங்களுள் முதலிடம் பெற்றது. தொட்டிகள் கெட்டால் கருவூலமும் மெலியும் என்பதை உணர்ந்த நிதியமைச்சு, 1904ஆம் ஆண்டிலே டோக்கியோவில் மதுத்தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றினை நிறுவியது.

கேட்டுக்கு அஞ்சியவர்கள் மருந்தையும் நாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, சலிசிலிக் அமிலத்தை மதுவிலே சிறிதளவு சேர்க்கும் வழக்கத்தினை அந்நாட்டிற்கு வந்த செருமானிய அறிஞர் ஒஸ்கார் கோர்செல்ற் அறிமுகஞ் செய்தார். அது மதுவைக் காத்தது. ஆயின் குடிப்பவர் உடலுக்கு நன்றன்று என்னும் ஐயம் வலுத்தது. இறுதியில், 1969ஆம் ஆண்டிலே யப்பானிய மதுத்தொழிலினர் அதனைக் கைவிட்டனர். அந்நாளிலே அதனைக் கைவிட முடிந்தமைக்குக் காரணம், பீங்கான் போன்ற பூச்சிட்ட உலோகத் தொட்டிகளும், அடைத்த போத்தல்களும், நுண்ணிய வடிகளும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தூய்மை பற்றிய அறிவும் வந்து சேர்ந்தமையே. தூய்மை நிலைபெற்ற இடத்திலே மருந்துக்கு வேலையில்லை.

இனி, வலிய மதுவிலும் வாழும் அந்த நுண்ணங்கி யாது என்பதைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தக்காகாசி தெய்சோ என்னும் அறிஞர் ஹியோச்சிக்குக் காரணமான பற்றீரியாக்களை ஆராய்ந்தார். இவை தயிரைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அவற்றுட் சில மிக விசித்திரமான இயல்பு உடையவை. ஏனைய நுண்ணங்கிகளுக்கு நஞ்சாகும் அற்ககோல் இவற்றிற்கு உவப்பானது. அது மாத்திரமன்று, ஆய்வுகூடத்திலே வழக்கமான உணவுகளைக் கொடுத்தால் இவை வளரமாட்டா, சிறிது சாக்கே சேர்த்தால் உடனே தழைக்கும். ஆகவே சாக்கேயினுள்ளே இவற்றிற்கு இன்றியமையாத ஏதோ ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அப்பொருளைப் பிரித்தெடுத்தவர் டோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமுரா காக்குசோ. 1956ஆம் ஆண்டிலே அவர் அதற்கு ஹியோச்சிக் அமிலம் என்று பெயரிட்டார். கோஜிப் பூஞ்சணமே அதனை உண்டாக்கி மதுவிலே விடுகின்றது. மதுவை ஆக்கும் கை எதுவோ, அதுவே மதுவைக் கெடுப்பவனுக்கும் உணவு ஊட்டுகின்றது! அதே காலத்திலே, அமெரிக்காவில் காள் போல்க்கேசும் அவர் கூட்டாளிகளும் வேறொரு வழியிலே ஓர் அமிலத்தைக் கண்டறிந்து மெவலோனிக் அமிலம் எனப் பெயரிட்டிருந்தனர். இரண்டும் ஒன்றே என்பது விரைவில் தெரியவந்தது. மெவலோனிக் அமிலம் என்னும் பெயரே நிலைத்தது.

இப்பொருளின் சிறப்பு மதுத்தொட்டியோடு நின்றுவிடவில்லை. மனிதனின் ஈரல் கொலஸ்திரோல் என்னும் கொழுப்புப் பொருளை ஆக்கும் வழியிலே மெவலோனிக் அமிலம் ஒரு முக்கியமான படி என்பது பின்னர் வெளிப்பட்டது. கொலஸ்திரோல் உண்டாகும் முறையை ஆராய்ந்த கொன்ராட் புளொக், பியோடர் லீனென் ஆகிய இருவரும் 1964ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றனர். இந்த அமிலம் உண்டாவதைத் தடுத்தால் கொலஸ்திரோலும் குறையும் என்று கருதிய யப்பானிய அறிஞர் எண்டோ அக்கிரா, 1970ஆம் ஆண்டுகளிலே ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களை ஆராய்ந்து, நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து அத்தகைய தடைப்பொருளைக் கண்டெடுத்தார். அவ்வழியே வந்த மருந்துகளே இன்று இருதய நோயாளர் பலர் உட்கொள்ளும் ஸ்ரற்றின் வகைகள். அவற்றுள் முதலாவது 1987ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. புளித்துப்போன மதுவை வெறுத்து ஊற்றிவிடாமல், அஃது ஏன் புளித்தது என்று கேட்டவர்களின் பொறுமையும் இம்மருந்தின் வரலாற்றிலே சேர்ந்திருக்கின்றது.

கெட்டதை அறிவது எவ்வாறு? யப்பானிய மதுவில்லங்களிலே இதற்கென ஒரு நாள் உண்டு. குளிர்காலத்திலே வடித்துச் சூடாக்கி மூடிய தொட்டிகளைக் கோடையின் தொடக்கத்திலே முதன்முதலாகத் திறந்து சுவைபார்க்கும் நாள் அது. ஹத்சு-நொமிகிரி என்பது அதன் பெயர். தொட்டியின் அடிப்பக்கத்திலுள்ள சிறு குழாயைத் திறந்து, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் சிறிதளவு எடுத்து வரிசையாக வைப்பர். மது வடித்த தலைமைத் தொழிலாளி, இல்லத்தின் உரிமையாளர், சோதனையில் வல்ல அதிகாரிகள் ஆகியோர் ஒவ்வொன்றாகக் கண்டு, முகர்ந்து, சுவைத்துச் செல்வர். வாயிலிட்டதை விழுங்குவதில்லை, உமிழ்ந்துவிடுவர். ஓராண்டு உழைப்பின் தீர்ப்பு அங்கே வழங்கப்படுகின்றது. கேடு தலைகாட்டும் நேரத்திலே கண்டுகொண்டால், அத்தொட்டியை மீண்டும் சூடாக்கி எஞ்சியதைக் காக்க இடமுண்டு. பிந்திவிட்டால் வழியில்லை. ஆகவே அந்நாளின் மௌனம் மருத்துவர் நாடி பார்க்கும் வேளையின் மௌனத்தை ஒத்தது.

சோதனைக்குப் பயன்படும் கிண்ணமும் கருத்தோடு செய்யப்பட்டதே. வெண்பீங்கான் கிண்ணத்தின் அடியிலே நீலநிற வளையங்கள் இரண்டு, ஒன்றினுள் ஒன்றாக வரையப்பட்டிருக்கும். மதுவை ஊற்றியதும் வெண்மையிலே அதன் நிறம் தெரியும். நீலமும் வெண்மையும் சந்திக்கும் ஓரத்திலே அதன் தெளிவு தெரியும். ஓரம் கூராகத் தோன்றினால் மது தெளிந்தது; மங்கித் தோன்றினால் கலக்கம் தொடங்கிவிட்டது.

முதற் சாட்சி கண். தெளிந்திருந்த மது காரணமின்றிக் கலங்குமாயின் ஐயுறல் வேண்டும். ஆயின், கலக்கம் எல்லாம் கேடன்று. கஞ்சி போன்ற மண்டியைச் சிறிது விட்டு வடிக்கும் ஒருவகைச் சாக்கே இயல்பிலேயே வெண்மையானது. அன்றியும், மதுவிலே கரைந்திருக்கும் புரதம் பிரிந்து மெல்லிய வெண்புகை போலத் தோன்றுவதும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்த ஓர் எளிய வழி இருக்கின்றது. சிறிதளவு மதுவைக் கிண்ணத்திலிட்டு நன்றாகச் சூடாக்கினால், புரதத்தாலாகிய கலக்கம் கரைந்து தெளிந்துவிடும். பற்றீரியாக்களால் உண்டாகிய கலக்கம் தெளியாது. ஐயம் தீராவிடின், ஆலையினர் அப்பற்றீரியாக்கள் விரும்பும் உணவுக் கரைசலிலே சிறிது மதுவைக் கலந்து, இளஞ்சூட்டிலே சில நாள் வைத்துப் பார்ப்பர். கரைசல் கலங்கினால் பகைவன் உள்ளே இருக்கின்றான் என்று பொருள்.

இரண்டாம் சாட்சி மூக்கு. நல்ல மதுவிலே அவித்த அரிசியின் மணமும், சிலவேளை பழத்தின் மணமும் இருக்கும். கெட்டதிலே காடியின் நெடியோ, பழுதான வெண்ணெயின் வீச்சமோ முந்தி நிற்கும். மூன்றாம் சாட்சி நா. மதுவுக்கு இயல்பான மென்புளிப்பு ஒன்று உண்டு. அது சுவையோடு ஒன்றிக் கலந்திருக்கும். கேட்டினால் வந்த புளிப்போ தனித்து நின்று பல்லைக் கூசச் செய்யும். மூன்று சாட்சிகளும் ஒருமித்துச் சொன்னால் தீர்ப்பிலே ஐயமில்லை. ஹியோச்சிப் பற்றீரியாக்கள் மனிதருக்கு நோய் விளைப்பவை அல்ல. எனினும் கெட்ட மதுவினாற் பயனுமில்லை. மேலே பூஞ்சணம் படிந்ததையும், அழுகல் வீசுவதையும் சுவைத்துப் பார்க்கவும் வேண்டுவதில்லை, ஊற்றிவிடுதலே தகும்.

கேட்டினின்றும் வேறான மற்றொரு மாற்றமும் உண்டு. அது முதுமை. தெளிந்த மது காலஞ்செல்லச் செல்ல மெல்ல மஞ்சளாகும், பின்னர் தேனிறமாகும். மதுவிலுள்ள வெல்லமும் புரதத்தின் கூறுகளும் ஒன்றோடொன்று கலந்து இந்நிறத்தை உண்டாக்குகின்றன. மணமும் உலர்ந்த பழம், கருகிய வெல்லம் என்பவற்றை நினைவூட்டும். யப்பானியர் இவ்வாறு பல ஆண்டு முதிர வைத்த மதுவைக் கோஷு எனப் போற்றுகின்றனர். ஆயின், மென்மணத்துக்காகவே வடிக்கப்பட்ட மது இவ்வாறு மாறினால், சில கந்தகச் சேர்வைகளின் காரணத்தால் ஊறுகாயை ஒத்த ஒரு வீச்சம் அதிலே எழும். அப்போது அது குறையாகிவிடும். எனவே நிறம் மாறிய காரணத்தால் மாத்திரம் ஒரு மதுவைக் கெட்டதென்று தள்ளுதலும் தவறு. பழையது என்பதற்காகவே நல்லதென்று கொள்ளுதலும் தவறு. முதுமைக்கென ஆக்கப்பட்டது எது, இளமையிலே அருந்தத்தக்கது எது என்பதை அறிதலே அறிவு.

சீனத்துச் சாவோசிங் மதுவை நோக்கினால் இவ்வுண்மை மேலும் விளங்கும். அம்மதுவைக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டிலே காய்ச்சி, சூடு தணியுமுன்னரே நீராவியில் தூய்மை செய்த மண்சாடிகளிலே நிரப்புவர். வாயைத் தாமரையிலையாலும் மூங்கிற் பாளையாலும் மூடிக் கட்டி, அதன்மேற் களிமண்ணை அப்பி உலரவிடுவர். சூடு மதுவையும் காக்கின்றது. சாடியையும் மூடியையும் தூய்மை செய்கின்றது. யப்பானியர் மரத்தொட்டிகளிலே இழந்ததை இவர்கள் இவ்வாறு காத்துக்கொண்டனர். பெண்மகவு பிறந்தபோது மதுச்சாடிகளைப் புதைத்து வைத்து, அவள் திருமண நாளிலே எடுத்து வழங்கும் வழக்கம் அப்பகுதியிலே இருந்தது. அங்கே பழுப்பு நிறம் பெருமைக்குரியது. யப்பானியர் விரும்பும் நீர்நிறத்தை அங்கே எவரும் எதிர்பார்ப்பதில்லை.

கொரிய நாட்டு மக்கொல்லியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதிலே அற்ககோல் நூற்றுக்கு ஆறு முதல் எட்டு வீதமே. சூடாக்காத வகையிலே மதுவம் உயிரோடிருந்து தொடர்ந்து வேலை செய்யும். ஆகவே போத்தலினுள்ளே வாயு பெருகும், இனிப்புக் குறையும், புளிப்பு ஏறும். குளிரிலே வைத்தாலும் சில வாரங்களுக்குள் அருந்தி முடிக்க வேண்டியதே. வாயு வெளியேறும்படி மூடியை அமைத்திருப்பதால், போத்தலைப் படுக்க வைத்தால் மது கசிந்துவிடும். நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். நாட்கழிந்து முற்றப் புளித்தது காடியாகும். காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அற்ககோலை அசற்றிக் அமிலமாக்கும் பற்றீரியாக்களின் செயல் அது. யாழ்ப்பாணத்துப் பனங்கள் மறுநாட் புளிப்பதும், தென்னங்கள்ளிலிருந்து காடி எடுப்பதும் இவ்வழியேயாம். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவிப் பதநீரைப் புளிக்காது இறக்கும் முறையும் நுண்ணங்கியைத் தடுக்கும் முறையே. பெயர் அறியாமலே பகைவனை வென்ற மற்றோர் எடுத்துக்காட்டு அது.

வீட்டிலே அரிசி மதுவை வைத்திருப்போர் கைக்கொள்ள வேண்டியவை சிலவே. மதுவின் பகைவர் மூவர்: ஒளி, சூடு, காற்று. நேரே வெயில் படுமாயின் சில மணி நேரத்திலேயே நிறமும் மணமும் மாறத் தொடங்கும். போத்தல்கள் பழுப்பு நிறத்திலும் பச்சை நிறத்திலும் செய்யப்படுவதற்குக் காரணம் இதுவே. சமையலறையின் அடுப்பருகும், யன்னலோரமும் ஆகா. இருமுறை சூடாக்கப்பட்ட சாதாரண மது இருளான குளிர்ந்த இடத்திலே ஓராண்டளவு தன் சுவையோடு இருக்கும். ஒருமுறையும் சூடாக்கப்படாத பச்சை மதுவைக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். அதிலே நொதியங்கள் உயிர்ப்போடிருப்பதால், வெளியே வைத்தால் மணம் விரைவில் மாறும். போத்தலை நிமிர்த்தி வைத்தால் காற்றுப்படும் பரப்புக் குறையும்; மூடியின் உலோகமும் மதுவைத் தொடாது. இரும்பு சிறிது கலந்தாலும் சாக்கே பழுப்பு நிறமாகும் இயல்புடையது. இதனாலேயே யப்பானிய மதுவில்லத்தார் இரும்புச்சத்துக் குறைந்த கிணற்று நீரைத் தேடி அலைந்தனர். திறந்த போத்தலை இறுக மூடிக் குளிரிலே வைத்து, சில நாட்களிலே, மிஞ்சினால் இரண்டு மூன்று வாரங்களிலே முடித்துவிடுதல் நன்று. மணம் குன்றியதே தவிரக் கெடாத மது சமையலுக்கு உதவும். மீனின் வீச்சத்தை நீக்குவதில் அது வல்லது.

சாக்கேப் போத்தல்களிலே காலாவதி நாளைக் குறித்தல் வேண்டும் என்று யப்பானியச் சட்டம் வற்புறுத்துவதில்லை. ஏனெனில், கேடு நாட்காட்டியைப் பார்த்து வருவதன்று. காப்பின் குறையைப் பார்த்து வருவது. அச்சிட்ட நாளைக் காட்டிலும் கண்ணும் மூக்கும் நாவும் நம்பத்தக்க சாட்சிகள். அவற்றைப் பழக்கி வைத்திருப்பவனுக்கு மது மாத்திரமன்று, பாலும் மோரும் எண்ணெயும் மாவுங்கூடத் தம் நிலையைத் தாமே சொல்லிவிடும்.

விரலால் எழுத்தெழுதிச் சூடறிந்த தொழிலாளி, கெட்ட மதுவைக் கண்ணாடிக் குழாயிலிட்டு ஆராய்ந்த அறிஞன் ஆகிய இருவரும் செய்தது ஒன்றே. இருவரும் கேட்டினை விதியென்று விட்டுவிடவில்லை; அதன் காரணத்தைக் கேட்டு நின்றனர். முன்னவன் தன் இல்லத்தின் தொட்டிகளைக் காத்தான். பின்னவன் கண்டறிந்த பொருளோ, எங்கெங்கோ வாழும் மக்களின் இருதயங்களைக் காக்கும் ஆராய்ச்சிக்கும் துணையாயிற்று.